செய்திக்குத் தெண்டம்

அன்று அந்த ஆட்டோவில் இருந்தவர்கள்: ஓட்டுநர் குணம், கொடிகாமம் சந்தையில் காய்கறி விற்றுவிட்டுத் திரும்பும் அவருடைய அக்கா சரோ, நான், விலைபோகாத மூன்று பூசணிக்காய்கள். வேறு யாரும் இல்லை. எந்த வண்டியில் ஏறினாலும் ஆள் எண்ணி வைத்துக்கொள்வது என் வழக்கம். ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ்காரர் கேட்பாரே.

உண்மையில் நான் கொடிகாமத்தில் இருந்திருக்கவே கூடாது. பலாலியில் விமானம் விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்திருந்தால் உடுப்பிட்டிக்கு நேராகப் போயிருக்கலாம். விமான நிலைய ஆட்டோக்களைப் பற்றி என்றோ படித்த செய்தி ஒன்று தலைக்குள் கிடந்தது. அதற்குப் பயந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே பஸ் பலகையில் முதலில் சிங்கள எழுத்தைப் பார்த்தேன். பார்த்த பதற்றத்தில் அதன் கீழேயே தமிழில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் இறங்கிய இடம் கொடிகாமம்.

"இந்தியாவோ?" என்று கேட்டார் குணம்.

"எப்படித் தெரிஞ்சது?"

"பையை நெஞ்சோடை கட்டிப் பிடிச்சிருக்கிறியள். கள்ளர் இஞ்சையும் இருக்கினம்தான், ஆனா இந்த வெயிலுக்குள்ளை ஒருத்தரும் வேலைக்கு வராயினம்."

ரயில் கேட் சாத்தியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளம் சிப்பாய் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நின்று, போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். குரல் மிகத் தணிந்திருந்தது. தணிந்த குரலில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குணம் பல வருஷம் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்தவராம். என்ன சொல்கிறான் என்று அவர் காதோரம் கேட்டேன்.

"தாயோடை கதைக்கிறான். 'சாப்பிட்டிட்டன் அம்மா, இண்டைக்கு இறைச்சிக் கறி, நல்லாயிருந்தது' எண்டு சொல்லுறான்."

சிப்பாயின் சைக்கிள் கூடையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று கிடந்தது. சரோ அக்கா அதை எட்டிப் பார்த்தார்.

"எங்கை சாப்பிட்டவன்? பொய். தாய்க்குச் சொல்லுற உந்தப் பொய்க்குப் பாவம் இல்லை."

ரயில் கடந்தது. கேட் திறந்தது. பையன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிஸ்கட்டைப் பிரித்தான்.

நான் மன்னார்குடிக்காரன். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். விட்ட படிப்பையெல்லாம் பேப்பரில் பிடித்துவிடப் பார்க்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு பேப்பர் போதவில்லை. கைபேசி வந்து உட்கார்ந்துகொண்டது. புதுக் காய்ச்சல், பழைய காய்ச்சல், பிரசவமான பெண்களுக்கு வரும் மனச்சோர்வு, டாலர் விலை, எந்த நாட்டில் யார் ஆட்சி கவிழ்ந்தது. எந்த மூலையில் கிளம்பிய செய்தியானாலும் கடைசியில் அது என் மகள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

ஒரே மகள், கயல். திருச்சியில் படிக்கும்போது அங்கே படிக்க வந்திருந்த உடுப்பிட்டிப் பையன் நிரோஷனைப் பிடித்துப்போய், எங்கள் சம்மதத்தோடு கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. தாய் இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது? பிரசவம் இங்கேயே ஆனது. பெண் குழந்தை. முதல் வாரம் தினமும் பேசினாள். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், "அவ சுகம் மாமா, நித்திரை" என்பார். காலையிலும் நித்திரை, மாலையிலும் நித்திரை. அப்படி ஒரு மனுஷி தூங்க முடியுமா? பிரசவமான பெண் யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று நான் அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். பாஸ்போர்ட் கையில் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கொடிகாமத்திலிருந்து வடக்கே போகிற சாலையில் கொஞ்ச தூரத்தில் பனைகள் விலகின. வெளி விரிந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் வானம் அப்படியே படுத்திருந்தது. வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் நிற்கின்றனவா மேகத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. ஆட்டோ ஓடுவதாகவே தெரியவில்லை. பூமிதான் எங்களைத் தாண்டி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நான் எதையும் நினைக்காமல் இருந்தேன். அப்படி இருக்கிறோமே என்று உடனே கவலை வந்தது.

உடுப்பிட்டியில் இறக்கிவிட்டு, சரோ அக்கா ஒரு பூசணிக்காயை என் கையில் திணித்தார். "பிள்ளை பெத்த வீட்டுக்கு வெறுங்கையோடை போகாதேங்கோ." என் பைக்குள் தங்கக் காப்பு இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சம்பந்தியம்மா பரமேஸ்வரி வாசல் படலையில் நின்றார். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து. கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வாங்கோ அண்ணை. முதல் கிணத்தடிக்குப் போய்க் கால் கை கழுவுங்கோ. எல்லாக் கிருமியையும் அங்கை விட்டிட்டு வாங்கோ."

கிருமியைப் பற்றி என்னிடமே ஒருவர் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதை மறுநாள் மாலை வரைகூட நீடிக்கவில்லை.

வீடு முழுக்க ஒரு வாசனை. மிளகு, மஞ்சள், மல்லி, இவர்கள் உள்ளி என்கிற பூண்டு எல்லாம் சேர்த்து அரைத்த பத்தியச் சரக்கின் காரமான நெடி. உள்ளே ஜன்னல் பாதி சாத்திய அறையில் கயல் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சேலையில் கட்டிய தூளி. இங்கே அதை ஏணை என்கிறார்கள். அதற்குள் என் பேத்தி, இன்னும் பெயர் வைக்காதவள், முஷ்டியை மடக்கிக்கொண்டு தூங்கினாள்.

"வந்துட்டீங்களாப்பா?" என்று சிரித்தாள். கண் கலங்கியது. இரண்டில் எது முதலில் வந்தது என்று நான் அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

"நல்லா இருக்கியாம்மா?"

"ஓம்ப்பா."

ஓமாம். ஆமா என்று சொல்ல என் மகளுக்கு மறந்துபோயிருந்தது.

"ஏன்மா போனையே எடுக்கல?"

அவள் தூளிக் கயிற்றைப் பார்த்தாள். வாசலில் நின்ற சம்பந்தியம்மாதான் பதில் சொன்னார்.

"நான்தான் வேண்டி வைச்சிருக்கிறன் அண்ணை. பிள்ளை பெத்த பொம்பிளை உந்த வெளிச்சத்தைப் பாத்தால் கண் பழுதாப் போடும். இப்ப தெரியாது, நாப்பது வயதிலை தெரியும். முப்பத்தொண்டு கழியட்டும்."

முப்பத்தொன்று என்பது குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழிக்கிற சடங்கு. எங்கள் ஊரிலும் பிரசவித்தவள் படிக்கக் கூடாது, ஊசியில் நூல் கோர்க்கக் கூடாது என்று சொல்வார்கள். ஆனால் அப்பாவோடு பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்தார்கள். பால் தேத்தண்ணி வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஊம்ம்ம் என்று, நிற்காமல், எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல். நான் காதை ஆட்டிப் பார்த்தேன். பொத்திப் பார்த்தேன், குறைந்தது. திறந்தேன், வந்தது. காதில் ரீங்காரம் வந்தால் ரத்தக் கொதிப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு டாக்டர் பேசியது நினைவுக்கு வந்தது. மாத்திரையை எந்தப் பையில் வைத்தேன்? நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை டியூஷன் வகுப்பு எடுத்துவிட்டு வந்தவர் என் விரல் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்தார்.

"என்ன மாமா, சுகமில்லையோ?"

"மாப்பிள்ளை, உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

அவர் சிரித்துக்கொண்டு மேலே காட்டினார். பனைகளுக்கு மேலே, இருட்டப் போகிற வானத்தில், கறுப்புப் புள்ளிகளாக நான்கைந்து பட்டங்கள் அசையாமல் நின்றன.

"உது விண். பட்டத்தின்ரை தலையிலை ஒரு வில்லு, அதிலை நாடா இழுத்துக் கட்டியிருக்கும். காத்துப் பட்டால் கூவும். கயித்தை மரத்திலை கட்டிவிட்டிட்டுப் பொடியள் படுக்கப் போயிடுவாங்கள். அது விடிய விடிய நிக்கும்."

"தூக்கம் கெடாதா?"

சமையலறைக்குள்ளிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "முந்தி மேலை நிண்டு இரைஞ்சது வேறை சத்தம் அண்ணை. அதுக்குத்தான் நித்திரை கெட்டது. உது எங்கடை பொடியளின்ரை சத்தம். உது இல்லாட்டித்தான் எனக்கு நித்திரை வராது."

அந்த ஓசைக்குள்ளேயே தூங்கிப்போனேன். கனவில் நான் கட்டிய மோட்டார்கள் எல்லாம் வயலை விட்டு எழும்பி மேலே மிதந்து ஓடின.

விடிந்ததும் வேறொரு இசை. ஐஸ்வண்டி என்று நினைத்தேன். பாண் வண்டி. ஆட்டோவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பணிசும், நம் ரொட்டியும் பன்னும்தான். எங்கள் ஊரில் காலையில் இப்படி ஒரு வண்டி பாட்டோடு வந்தால் அது குப்பை வண்டி. அதைச் சொன்னதும் சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடு நின்றிருக்கலாம்.

சமையலுக்கு உதவுகிறேன் என்று அரிசி வாளியைத் திறந்தேன். அரிசி அளக்கும் சுண்டை உள்ளே விட்டதும் ஏதோ தட்டியது. பொலித்தீனில் சுற்றிய கயலின் கைபேசி. அணைத்து வைத்திருந்தது.

மருமகளை வீட்டுக்குள் அடைத்து, போனைப் பிடுங்கி, வெளியுலகத் தொடர்பில்லாமல் செய்கிற மாமியார்களைப் பற்றி நான் படிக்காத பத்திரிகை இல்லை.

"என்ன சம்பந்தியம்மா இது? என் பொண்ணு போனை அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அம்மியில் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஒளிக்கேல்லை அண்ணை. அரிசிக்குள்ளை இருந்தால் ஈரம் பிடியாது."

"அவ கேட்டா குடுப்பீங்களா?"

"கேட்டால் குடுப்பன். கேக்கேல்லை."

"கேக்க விட்டாத்தானே! எங்க ஊர்ல ஜெயில்ல இருக்கிறவனுக்குக்கூட அப்பன் ஆத்தாளோட பேச விடுவாங்க."

அம்மிக்குழவி நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டவர்போல இருந்தது.

"எங்கடை முறை அப்பிடி அண்ணை. என்னைப் பேசுங்கோ, பரவாயில்லை. பிள்ளைக்குக் கேக்கப் பேசாதேங்கோ."

குழவி மறுபடி உருண்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

என் கைபேசியில் இங்கே சிக்னல் கிடையாது. ஒரு நாள் முழுக்கச் செய்தி இல்லாமல் இருந்தது நெஞ்சுக்குள் பசிபோல் இருந்தது. சந்தியில் ஒரு வாசிகசாலை இருந்தது. சாய்ந்த மரப்பலகைகளில் பேப்பர்களைக் கம்பி போட்டுக் கோர்த்திருக்கிறார்கள். ஆட்கள் நின்றபடி படிக்கிறார்கள். ஒருவர் படித்து முடிக்கும் வரை அடுத்தவர் அவர் தோளுக்கு மேலால் படிக்கிறார். நானும் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு பரவும் எலிக்காய்ச்சல். மருந்துத் தட்டுப்பாடு. மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "என்ரை பேரன் கலியாணம் கட்டேக்கை" என்றார் மற்றவர். அவருக்குப் பேரன் பிறந்திருப்பதாகவே தெரியவில்லை.

நான் பிடித்திருந்த தோளுக்குச் சொந்தக்காரர் திரும்பினார். என் வயதுதான் இருக்கும். கடற்கரைப் பக்கத்து மீனவர். வெயிலில் செம்பட்டையான தலைமுடி, ஒரு விரலில் கட்டு.

"நீங்கள் இந்தியாவோ?"

"மன்னார்குடி. எங்களுக்குக் கடல் கொஞ்சம் தூரம்."

"றோலர் வைச்சிருக்கிறியளோ?" றோலர் என்றால் எங்கள் கரையிலிருந்து வருகிற இழுவைப் படகு.

"ஐயோ, நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்."

"அப்ப இனி றோலர்காரன் மோட்டரைக் கொண்டு வந்தால் கொஞ்சம் பிழையாய்க் கட்டிவிடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பகிடி இல்லை அண்ணை. போன கிழமை என்ரை வலை முழுக்கப் போச்சுது. உங்கடை ஆக்கள் இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள்." பேப்பரில் அந்தச் செய்தியை விரல் கட்டோடு தொட்டுக் காட்டினார். நாலு வரிதான் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இதே செய்தியை நான் வேறு விதமாகப் படித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எலிக்காய்ச்சல் பக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கம்பியை உருவப் போனேன். அவர் சுவரைக் காட்டினார். 'பத்திரிகைகளை வெளியே கொண்டு செல்ல வேண்டாம்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

"செய்தி எல்லாம் இஞ்சையே நிக்கவேணும். இல்லாட்டி என்ரை வலைச் செய்தியை நான் கொண்டுபோய் மனிசிக்கு வாசிச்சுக் காட்டவேண்டி வரும்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காக வாசிச்சுக் காட்டவேணுமோ?"

மறுநாள் தைப்பொங்கல். துடக்கு வீடு என்பதால் எங்கள் முற்றத்தில் பானை வைக்கவில்லை. ஊர் முழுக்க வெடி. ஒவ்வொரு வெடிக்கும் நான் தூளியை எட்டிப் பார்த்தேன். பேத்தி அசையவில்லை, நான்தான் அசைந்துகொண்டிருந்தேன். பொழுது ஏற ஏற வேலிக்கு மேலால் கைகள் மட்டும் வந்தன. வளையல் போட்ட கை, போடாத கை, ஒரு குழந்தைக் கை. ஒவ்வொன்றிலும் வாழையிலை மூடிய ஒரு கிண்ணம் பொங்கல். அவர்கள் அதைப் புக்கை என்கிறார்கள். பானை வைக்காத வீட்டில்தான் அன்று அதிகம் பொங்கல் இருந்தது. சம்பந்தியம்மா முதல் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். முந்தின நாள் நான் பேசிய பேச்சு எதுவும் அந்தக் கிண்ணத்தில் இல்லை. இனிப்பாகத்தான் இருந்தது.

பிற்பகல் வானம் நிறையப் பட்டங்கள். மீன், பாம்பு, பெட்டி, ஒரு கப்பல்கூட. கயல் ஜன்னல் வழியே பார்த்தாள். நான் வெளியே நின்று பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே பட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டம் விட வேண்டாம், மாஞ்சா கழுத்தை அறுக்கும் என்று சொன்னவன் நான். அவளும் அதை நினைத்திருப்பாள்.

அதற்கு மறுநாள் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். அரசாங்கச் செவிலி, வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிறவர். இது எனக்குப் பிடித்தது. குழந்தையை நிறுத்துப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"எல்லாரும் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ. தாயோடை தனியக் கதைக்கவேணும்."

சம்பந்தியம்மா கோழிக்கூட்டுப் பக்கம் போனார். நான் கிணற்றடிக்குப் போனேன். கயலின் அறை ஜன்னல் கிணற்றடிக்குத்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. வாளியைக் கையில் எடுத்தபோது மிஸ்ஸின் குரல் தெளிவாகக் கேட்டது. சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விலகிப் போயிருக்க வேண்டும். என் கால் போகவில்லை. இதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்.

"காரணம் இல்லாமல் பயந்து பதறினனீங்களோ?"

"காரணத்தோடதான் மிஸ்." கயல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க அப்பாதான். காலையில போன் பண்ணி எங்கேயோ ஒரு குழந்தை செத்த செய்தி சொல்லுவாரு. ராத்திரி ஒரு அம்மா செத்த செய்தி. நடுவுல வீடியோ அனுப்புவாரு. அவர் நல்ல மனுஷன் மிஸ். அவருக்குப் பயம் வந்தா அதைத் தனியா வச்சுக்கத் தெரியாது. அம்மா இருந்தப்போ அவங்ககிட்டக் குடுத்துடுவாரு. இப்ப நான்தானே இருக்கேன். போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்கும். பால் குடுக்கும்போது இவ மூச்சு விடுறாளான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்துட்டே இருப்பேன்."

"இப்பவும் அப்பிடியோ?"

"இப்ப இல்ல. போனை மாமிகிட்டக் குடுத்துட்டேன். அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு அழுதேன். கண்ணுக்குக் கூடாதுன்னு நான் சொல்லுறன், பழி என்னோடை போகட்டும்னாங்க."

வாளி என் கையில் வெறுமையாக இருந்தது. அதை வைத்தால் சத்தம் வரும். வைக்காமலேயே நின்றேன். மேலே பகலிலும் ஒரு விண் கூவிக்கொண்டிருந்தது.

மிஸ் போகும்போது, "தாய் நல்லாய் இருக்கிறா. நித்திரையும் பரவாயில்லை. எண்டாலும் வாற கிழமை திரும்ப வந்து பாப்பன்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

நான் கோழிக்கூட்டுப் பக்கம் போனேன். சம்பந்தியம்மா தவிடு குழைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, அந்த போன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் கை நின்றது. கிணற்றடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டிட்டியளோ?"

தலையசைத்தேன்.

"அந்த யன்னலாலை ஊர்க்கதை முழுக்க வரும் அண்ணை. நான் உங்களைக் கோழிக்கூட்டுக்கு அனுப்பியிருக்கவேணும்."

"நான் உங்களை ஜெயில்காரின்னு சொல்லிட்டேன்."

"சங்கக்கடையிலை இருந்தனான். அரிசி இல்லாத காலத்திலை சனம் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கவேணும். இது என்ன, ஒரு பேச்சே?" தவிட்டை உருட்டி வைத்தார். அடுத்த உருண்டையை எடுத்தபடி, "பயந்த ஆள் எண்டு பிள்ளை முதலே சொன்னவ. தனிய இருக்கிறியள். தனிய இருந்தால் எனக்கும் உப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

மத்தியானம் எல்லோரும் கயலின் அறை வாசலில் தட்டோடு உட்கார்ந்தோம். பத்தியக் கறி. சின்னச் சுறா, நிறைய உள்ளி, புளி இல்லை. மிளகு வயிற்றுக்கு ஆகாது, சுறாவில் பாதரசம் என்று ஒரு செய்தி உண்டு, உள்ளி ரத்தத்தை இளக்கும் என்று இன்னொன்று. மூன்றையும் கறியோடு சேர்த்து விழுங்கினேன். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. அருமையாக இருந்தது.

சம்பந்தியம்மா அறிவித்தார்: "நான் கணக்குப் பாத்த ஆள். சங்கத்திலை பிந்திக் கட்டினால் தெண்டம். இனி அண்ணைக்கும் ஒரு தெண்டம் போடுவம். இந்த வீட்டுக்கு ஒரு வருத்தச் செய்தி சொன்னால் நூறு ரூபா."

வருத்தம் என்றால் இங்கே நோய்.

"அரசியலுக்கு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அரசியலுக்கு அம்பது. அது எங்களுக்குப் பழகிப்போச்சு."

"இலங்கைக் காசா, இந்தியக் காசா?" என்று நான் கேட்டேன்.

"இலங்கைக் காசுதான். இரக்கம் பாத்து. ஆனால் அனுப்பக் கூடாது. நேரிலை வந்து, பேத்தியின்ரை முன்னாலை, உந்தப் பால்மா ரின்னுக்குள்ளை போடவேணும்."

கயல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல, கிணற்றடிப் பக்கம் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. நான் சோற்றில் இல்லாத முள்ளைத் தேடினேன்.

"அப்பா."

"சொல்லும்மா."

"கை கழுவிட்டு வந்து இவளைப் பிடிங்க. நான் கொஞ்ச நேரம் தூங்கணும்."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். குழந்தையை மடியில் வைத்துவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நித்திரை என்று மாப்பிள்ளை சொன்னது அன்று உண்மையாயிற்று. பேத்தி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். அவள் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை. விரலை மடக்கி மடியிலேயே வைத்துக்கொண்டு, விண் கூவுவதைக் கேட்டபடி, வெயில் சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிற்பகலைப் போல் ஒன்றை நான் வாழ்ந்ததில்லை.

திரும்பும் நாளில் குணமே வந்தார். ஆட்டோவில் இருந்தவர்கள்: அவர், நான், சம்பந்தியம்மா கட்டித் தந்த பனங்கட்டிப் பொட்டலம். வழியில் ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. குணம் அதன் ஓட்டுநரைத் திட்டினார். நான் ஆள் எண்ணியதோடு சரி.

இப்போது மன்னார்குடியில் டீக்கடையோடு செய்தியை விட்டுவிட்டு வரப் பழகுகிறேன். முப்பத்தொன்று முடிந்து பேத்திக்கு நிலானி என்று பெயர் வைத்தார்கள். அன்றே அரிசி வாளியிலிருந்து போன் வெளியே வந்தது. சாயங்காலங்களில் கயலே கூப்பிடுகிறாள். அவள் கூப்பிடுவதற்கு முன் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்வேன். பட்டறைப் பூனை குட்டி போட்டது. எதிர்வீட்டு முருங்கை பூத்தது. ஒரு நாள் பேச்சே இல்லாமல், போனை வெளியே நீட்டி விண் கூவுவதை மட்டும் கேட்க வைத்தாள்.

தவறவில்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து ஊர்க் காய்ச்சலைப் பற்றி வாய் தவறியது, நூறு. கைபேசி வெளிச்சம் குழந்தையின் கண்ணுக்கு ஆகாது என்று நல்லதற்குத்தான் சொன்னேன். அதைச் சொல்லும் உரிமை தன்னுடையது என்று சம்பந்தியம்மா பின்னாலிருந்து கத்தினார், நூறு. தேர்தல் ஒன்று, ஐம்பது. போன வாரம் கயலே கேட்டாள்: "என்னப்பா, ஒரு செய்தியும் இல்லையா? சப்புன்னு இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பாதித் தெண்டம் போட்டுக்கலாம்." ஒரு புதுக் காய்ச்சலைச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். ஐம்பது.

பால்மா டின்னில் இன்னும் ஒரு காசும் விழவில்லை. நேரில் போய்த்தான் கட்ட வேண்டும். அடுத்த தைக்குப் போகிறேன். இலங்கைக் காசில் முந்நூறு ரூபாய் பாக்கி.